நாலு விரல்

கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, மேடம். நீங்கள் அடித்து வைத்திருக்கும் வாக்குமூலத்தில் ஒரே ஒரு இடம்தான் தப்பு. சம்பவ நேரம் பதினொன்று ஐம்பது என்று போட்டிருக்கிறீர்கள். அது பதினொன்று முப்பத்திரண்டு. அதைத் திருத்திவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. ஏட்டையா வாங்கிக் கொடுத்த டீயும் நன்றாக இருந்தது.

நான் முப்பத்தொரு வருடம் நில அளவையராக இருந்தவன். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை நான் சங்கிலி பிடிக்காத ஊர் குறைவு. அண்ணனும் தம்பியும் அரிவாளோடு நிற்கும் வரப்பில் போய் நின்று, கல் இங்கே என்று காட்டியிருக்கிறேன். காட்டிய இடத்தில் நட்டார்கள். நான் நட்ட கல்லை இன்றுவரை யாரும் பெயர்த்ததில்லை. ‘ரவிச்சந்திரன் அளந்தாரா, அப்ப சரி’ என்று ஜனங்கள் சொல்லும் ஒரு வார்த்தைதான் நான் சேர்த்த சொத்து. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு சூரியக் கடிகாரப் பைத்தியம் பிடித்தது. மொட்டைமாடியில் சிமெண்டில் இரண்டு செய்து பார்த்தேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் திருவிடந்தைக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்புச் சங்கத்தார், தங்கள் கடற்கரைப் பூங்காவில் கல்லில் பெரிதாக ஒன்று வேண்டும் என்று வந்தார்கள். திறப்பு விழாவுக்குச் சித்திரை ஒன்றாம் தேதியை நான்தான் சொன்னேன். சூரியன் வருடம் முழுவதும் நம் கடிகாரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஓடும். நான்கு நாள்தான் ஒத்துப்போகும். சித்திரைப் பிறப்பு அதில் ஒன்றை ஒட்டி வருகிறது. வந்தவர்கள் கைப்பேசியை எடுத்துக் கல்லோடு ஒப்பிட்டு, அட என்று சொல்லவேண்டும். எனக்கு அந்த ஆசை இருந்தது, மறைப்பானேன்.

கல் வேலைக்கு மாமல்லபுரம் சிற்பப் பட்டறையிலிருந்து லோகுவைப் பிடித்தேன். முப்பத்தைந்து வயது, நல்ல கை. பிள்ளையார் வயிறு ஒரு நூல் கூடிப்போனால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், இதில் வருவார்கள் என்று முதல் நாளே சொன்னேன். “தெரியும் சார், நீங்க புள்ளி வையுங்க, நான் உளி வைக்கிறேன்” என்றான். அப்படியே செய்தான். ஆறடி அகலத்தில் ஒரு வட்டக் கல், நடுவில் துருப்பிடிக்காத கம்பி. கம்பியின் நிழல் விளிம்பில் நகரும், ஒரு நிமிடத்துக்கு நான்கு மில்லிமீட்டர். இந்தப் பக்கத்து ஊர்களுக்கு, வடக்கே பார்க்கும் கம்பி பன்னிரண்டே முக்கால் டிகிரிதான் மேலே தூக்கும், ஏறக்குறையப் படுத்திருக்கும். அதனால் கம்பிக்குச் செங்குத்தாகக் கல் நின்றாகவேண்டும். நேராகவும் நிற்கக்கூடாது, தலைப்பக்கம் தெற்கே சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றரை டன் கல் கடற்கரை மணலில் சாய்ந்து நிற்பது என்றால் சும்மாவா. ஏழடி தோண்டிக் கான்கிரீட் போட்டோம். உள்ளே கம்பி கட்டியதால் திசைகாட்டி பொய் சொல்லும் என்று, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, காலை நிழலும் மாலை நிழலும் சம நீளமாக வரும் புள்ளிகளை வைத்து வடக்கு பிடித்தேன். அந்த வடக்கில் இம்மி பிசகு கிடையாது. யாரை வேண்டுமானாலும் கூட்டிவந்து பாருங்கள்.

பங்குனி பாதியில் கல்லை நிறுத்தினோம். அன்றே லோகு கைப்பேசியைப் பார்த்தான், நிழலைப் பார்த்தான். நிழல் இருக்கும் இடத்துக்கும் இருக்கவேண்டிய இடத்துக்கும் நடுவில் கையை வைத்தான். ஒரு கை முழுக்க இடைவெளி இருந்தது. சூரியன் இந்த மாதம் பின்தங்கித்தான் வரும், நாளுக்கு நாள் குறையும், சித்திரை ஒன்றுக்கு ஒன்றுமில்லாமல் போகும் என்று விளக்கினேன். அவன் நம்பினான். தினமும் கை வைத்துப் பார்த்தான். குறைந்தது. ஐந்து விரல் நாலு விரல் ஆனது. அதற்கப்புறம் குறையவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“சார், கோச்சுக்காதீங்க. நாலு வெரலு அப்பிடியே கீது. பதினெட்டு நிமிசம் கம்மியா காட்டுது.”

“கைப்பேசி சரியில்லை.”

“நாலு பேரு போன்ல பாத்துட்டேன் சார். அந்த ஒம்பது நிமிசம் தள்ளச் சொன்னீங்களே, அது இந்தாண்ட தள்றதுக்கு அந்தாண்ட தள்ளிட்டமோ?”

ஒன்பது நிமிடம் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டும். நம் கடிகார நேரம் நமக்குக் கிழக்கே இருக்கும் ஒரு கோட்டின் நேரம். அங்கே உச்சிக்கு வந்த சூரியன் நம் தலைக்கு மேல் வர ஒன்பது நிமிடம் ஆகும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் எண்களைக் கொஞ்சம் நகர்த்தி வரைந்து கொடுத்தேன். கல் கொத்துகிறவன் எனக்குத் திசை சொல்லிக் கொடுத்தான் பாருங்கள். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனே கையால் சுற்றிக் கம்பிவடத்தை இழுக்கும் வின்ச் கொண்டுவந்திருந்தான். “இதுக்கு இன்னாத்துக்கு சார் பேஜாரு ஆவுறீங்க? கல்லு வட்டம்தான? நடு போல்ட்ட தளத்திட்டு நாலரை டிகிரி திருப்பினா முடிஞ்சிது. யார்னா கேட்டா என் கை தப்புன்னு சொல்லிக்கிறேன். உங்க பேரு கெடக்கூடாது சார்.”

அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளாமல் நின்ற வரப்புகளெல்லாம் கண் முன்னால் வந்தன. ஒரு கல் திரும்பினால் மற்றக் கல்லையும் சந்தேகப்படுவார்கள். இவன் வெளியே சொல்லமாட்டான், சரி. ஆனால் இவனுக்குத் தெரியும். இனி எங்கே என்னைப் பார்த்தாலும் வணக்கம் சார் என்பான், உள்ளுக்குள் நாலு விரலை வைத்துப் பார்ப்பான். அந்தப் பெருந்தன்மையோடு என்னால் வாழ்ந்திருக்க முடியாது.

சரி, திருப்பு என்றேன். வின்ச்சின் ஒரு முனையை வடக்குப் பக்க முளையிலும் மறு முனையைக் கல்லின் தலையிலும் மாட்டி இழுத்துப் பிடித்தோம். பிறகு தெற்குப் பக்கம் இருந்த இரண்டு முட்டுக்கால்களை எடுத்தான். இப்போது கல் வின்ச்சை நம்பித்தான் நின்றது. போல்ட் தெற்குப் பக்கம், கல்லின் சாய்வுக்குக் கீழே. ஸ்பேனரோடு குனிந்து உள்ளே போனான். “கெட்டியா பாத்துக்கோங்க சார்” என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வடக்கு முகத்தில் நிழல் சுத்தமாக விழுந்திருந்தது. பதினொன்று முப்பத்திரண்டு. வின்ச்சின் பல்லைப் பிடித்திருக்கும் கொக்கியைத் தூக்கினேன்.

கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்கள் மேலே பார்க்கப் படுத்துக்கொண்டது, ஒரு சில்லு பெயரவில்லை. அவ்வளவு நல்ல கல். விளிம்புக்கு வெளியே அவன் வலது கை மட்டும் தெரிந்தது. விரல்கள் சேர்ந்தே இருந்தன.

வாட்ச்மேன் ஓடிவந்தபோது, நான் கடல் பக்கம் காற்று வாங்கப் போயிருந்தேன், கொக்கியை லோகு சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது என்றேன். இதை நீங்கள் பெரிய பொய் என்கிறீர்கள். யார் கேட்டாலும் என் கை தப்பு என்று சொல்லிக்கொள்கிறேன் என்றவன் அவன். அவன் சொல்ல இருந்ததைத்தான் நான் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். விழாவைத் தள்ளிவைத்தார்கள்.

நான் மாட்டிக்கொண்டது துக்க வீட்டில். காரியத்துக்குத் திதியும் நட்சத்திரமும் குறிக்க, நட்சத்திர தோஷத்துக்கு வீட்டை மூடிவைக்கும் அடைப்பு உண்டா என்று பார்க்க, உயிர் போன நேரம் வேண்டும் அல்லவா. லோகுவின் மனைவி யோகேஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. போலீசில் சொன்ன நேரத்தை யாரோ ஒரு சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பதினொன்று ஐம்பது என்று காதில் விழுந்தது. பொறுக்கமுடியவில்லை. முப்பத்திரண்டு என்று திருத்தினேன்.

யோகேஸ்வரி தலையை நிமிர்த்தியது. “சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடுனது கேட்டு கேமராவுல அம்பதுன்றாங்க. நீங்க எதுல சார் பாத்தீங்க?”

“கல்லில்தான் அம்மா. அதைவிடச் சரியான கடிகாரம் ஏது?”

அது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. அழுகை நின்றுவிட்டது. “கல்லு வுழுந்துச்சே சார். வுழுந்த கல்லுல எப்பிடி மணி பாப்பீங்க? அது வுழுறதுக்கு முன்ன நீங்க அதும் எதிர்லதான் நின்னீங்களா?”

படிக்காத பெண் என்று நினைத்திருந்தேன். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறது. நான் கோபப்படவில்லை, மேடம். நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதில் ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் இங்கே முழுவதும் சொல்லியிருக்கிறேன்.

தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் அதை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது நிமிடத்தைக் கழிக்கவேண்டிய இடத்தில் கூட்டியிருந்தேன், பிசகு இரட்டித்துப் பதினெட்டாகிவிட்டது. பென்சிலில், என் கையால், ஒரு சின்னக் கூட்டல் குறி. லோகு சொன்னது சரி. அது தெரிந்துதான் மறுநாள் போனேன். அவனைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்து குளித்து, அந்தத் தாளைக் கேஸ் அடுப்பில் காட்டி எரித்தேன்.

இப்போது அந்தத் தாள் இல்லை. கை வைத்துப் பார்த்தவனும் இல்லை. கல் மட்டும் இருக்கிறது, அதில் நிழல் எங்கே நின்றது என்று பார்த்த ஒரே ஆள் நான். இனி அதில் தப்பு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். பதினொன்று முப்பத்திரண்டு என்று மாற்றிக் கொண்டுவாருங்கள், போட்டுவிடுகிறேன்.