சொன்னதைக் கேட்ட கொடி

செடிகொடிகளுக்கு விடிந்ததும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், ஐயா. வெயில் ஏறிய பிறகு ஊற்றினால் பாதிகூட வேருக்குப் போய்ச் சேராது. போன வருடம்வரை இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிளட்ச், கியர், பிரேக். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவனுக்கு அதற்கு மேல் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

என் அபராதத்தை ரத்து செய்து கையெழுத்துப் போட்ட அதிகாரி நீங்கள்தான் என்பதால் நேராக உங்களிடமே வந்திருக்கிறேன். உட்காரச் சொன்னதற்கு நன்றி. தண்ணீர் வேண்டாம். நான் சொல்லி முடித்ததும் நீங்கள் ஒரு உத்தரவை மாற்றி எழுத வேண்டியிருக்கும், அதனால் வளர்த்தாமல் சொல்கிறேன்.

ஆரம்பம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. மூலை வீட்டுச் சந்திப்பில் ‘நில்’ என்று எழுதிய பலகை இருக்கிறது அல்லவா, அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் பெரிய தெருவில் ஏற வேண்டும். என் மாணவர்களுக்கு இதைத் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று வண்டியில் நான் மட்டும்தான். எதிர்ப்பக்கம் வேறொரு பள்ளியின் வண்டி நின்றது. ஓட்டக் கற்கும் பெண் கண்ணாடியைத் திருத்திக்கொள்ளாமலே வண்டியை எடுத்தாள். பக்கத்தில் இருந்த வாத்தியார் போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டிய கை அது. நிமிர்ந்து பார்த்தபோது பலகையைத் தாண்டி வந்து, பெரிய தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு ரொட்டி வண்டியின் பின்பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை. பின்விளக்கு உடைந்தது, கதவு திறந்துகொண்டு ரொட்டியெல்லாம் தெருவில் உருண்டது. ரொட்டிக்காரர் தங்கமான மனிதர். இறங்கி ஓடிவந்து எனக்கு அடிபட்டதா என்றுதான் முதலில் கேட்டார். அடுத்த தெருவிலிருந்து வந்த காவலர் உருண்ட ரொட்டிகளைப் பார்த்த அளவுக்குப் பலகையைப் பார்க்கவில்லை. கவனக்குறைவாக ஓட்டி மோதியதாக ஒரு அபராதச் சீட்டு எழுதி என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் அதை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள். “கட்டித் தொலைச்சிட்டு அடுத்த வேலையப் பாருங்க. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு” என்றாள்.

தொகையைப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான், ஒரு வேளை வெளியில் சாப்பிடுகிற காசு. ஆனால் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஒப்புக்கொண்ட வாத்தியாரின் கற்பிக்கும் உரிமத்தை உங்கள் அலுவலகம் வாங்கிக்கொள்ளும். நியாயமான விதிதான், நான் குறை சொல்லவில்லை. முட்டிக்கொள்கிறவன் மற்றவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பான்? ஆனாலும் அந்த உரிமம் போய்விட்டால் எனக்குப் பிழைப்பும் இல்லை, தெருவில் தலைநிமிர்ந்து நடக்க ஒரு காரணமும் இல்லை.

சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, கட்டுகிறேன். இன்னொன்று, ஆட்சேபிக்கிறேன். ஆட்சேபித்தால் காரணம் எழுத ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். மூலை வீட்டு மதிலோரம் ஒரு கொடி இருந்தது ஞாபகம் வந்தது. ‘பலகையைக் கொடி மறைத்திருந்தது’ என்று எழுதினேன்.

என் மனைவி தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, “அது எங்க மறைச்சுது? அதுவே தண்ணி இல்லாம செத்துக்கிட்டு இருக்கு” என்றாள்.

“மறைக்கும்” என்றேன்.

பொய் எழுதிவிட்டேன் என்று அவள் இன்றுவரை சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொஞ்சம் முன்கூட்டியே எழுதிய உண்மை, அவ்வளவுதான். உங்கள் அலுவலகத்தில் விசாரித்தபோது, நிறைய வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன, அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்க்க மாதக்கணக்காகும் என்று சலித்துக்கொண்டார்கள். அப்படியொரு நல்ல செய்தியை அந்த அலுவலகத்தில் நான் அதுவரை கேட்டதில்லை.

மூலை வீட்டில் இருப்பவர் ஒரு நர்ஸ், தனி ஆள். ராத்திரி வேலைக்குப் போய்விட்டு விடிந்த பிறகுதான் திரும்பி வருவார், வந்ததும் படுத்துவிடுவார். யாரோ கொடுத்தார்கள் என்று கொடியை நட்டவர், பிறகு அதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் விட்டிருந்தார். நான் போய்க் கதவைத் தட்டி, தினமும் இந்தப் பக்கம் நடக்க வருகிறேன் சிஸ்டர், கொடிக்குத் தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் யார் இப்படிக் கேட்கிறார்கள் என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். யாரும் கேட்பதில்லைதான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் தவறவில்லை. மண்ணைக் கிளறினேன், எரு வைத்தேன், இலைக்கடியில் பூச்சி இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மதிலிலிருந்து பலகைக் கம்பம்வரை ஒரு சணல் கயிறு கட்டினேன். தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள்: பலகையை நான் தொடவே இல்லை. ஒரு இலையைக்கூட அதன்மேல் நான் எடுத்து வைக்கவில்லை. கொடிக்கு வழி காட்டினேன். வாத்தியார் செய்கிற வேலை அதுதானே.

ஓரமாக ஒதுங்கப் பார்க்கும் நுனியை நடுவே திருப்பிவிடுவேன். மறுநாள் வந்து பார்த்தால் விட்ட இடத்திலிருந்து சமர்த்தாக மேலே ஏறியிருக்கும். என்னிடம் எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள், ஐயா. இடது என்றால் வலது திரும்புவார்கள். பிரேக் என்று கத்தினால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டு என்னையே முறைப்பார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்தது அது ஒன்றுதான். முதல் இலை பலகையின் விளிம்பைத் தொட்ட அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

பலகை முழுதாக மறைந்த சில நாட்களில் முதல் மோதல் நடந்தது. நான் பூவாளியோடு நின்றிருந்தேன். கார் ஒன்று நிற்காமல் வந்து பெரிய தெருவில் போன வண்டியை இடித்தது. போனது யார் என்கிறீர்கள்? நம் ரொட்டிக்காரர்தான். அந்த வேளையில் அந்தத் தெருவில் போவது அவர் ஒருவர்தான். கடைகளுக்கு ரொட்டி போட வேண்டுமே, நேரம் தவறமாட்டார். அவ்வளவு ஒழுங்காக ஒருவர் வந்துகொண்டிருந்தால் இடிக்கிறவர்களும் அவரைத்தானே இடிக்க முடியும்? நர்ஸ் பஞ்சும் பிளாஸ்திரியுமாக ஓடிவந்தார். நான் ரொட்டிகளைப் பொறுக்கித் தட்டில் அடுக்கிக் கொடுத்தேன். பலகை கண்ணிலேயே படவில்லை என்று கார்க்காரர் புலம்பினார். அவரைத் தோளில் தட்டி ஆறுதல் சொல்லி, முகவரியை வாங்கி வைத்துக்கொண்டேன். என் ஆட்சேபணைக்கு அவர் முதல் சாட்சி.

அன்றிலிருந்து என் மாணவர்களை அந்தப் பக்கம் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டேன். சுற்றுவழி, டீசல் கூடுதல், ஆனாலும் பரவாயில்லை என்றேன். என் பொறுப்பில் இருக்கிறவர்கள் மேல் ஒரு கீறல் விழ நான் விடமாட்டேன். இதையும் நீங்கள் குறிப்பில் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

அடுத்தடுத்து இன்னும் சிலர் இடித்தார்கள். எல்லாம் சின்னச் சின்ன இடிதான், தகரம் நசுங்கும், ரொட்டி உருளும். ரொட்டிக்காரருக்கு மட்டும் மனசு விட்டுப்போனது. தன் ஓட்டத்தில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு, ஒரு நாள் என் பள்ளிக்கு வந்து, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களோடு வரிசையில் உட்கார்ந்தார். வந்த மாணவரைத் திருப்பி அனுப்ப முடியுமா? கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டேன். பாடத்தில் அவர் சுமார்தான். ஒவ்வொரு சந்திப்பாகப் பார்த்துப் பார்த்து பிரேக் போட்டார். எதிரே ஒரு நாய் கொட்டாவி விட்டால்கூட நின்றுவிடுவார். பயம் இருக்கிற இடத்தில் பாடம் ஏறாது.

ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். “காலையில நான் வேற தெருவுல சுத்திப் போயிடட்டுமா மாஸ்டர்?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் வந்து பார்க்கும் தேதி அப்போதுதான் கடிதத்தில் வந்திருந்தது. இத்தனை பேர் இடித்த சந்திப்பு என்றால் உங்களுக்கும் சட்டென்று நம்பிக்கை வரும். அவர் வேறு தெருவில் போய்விட்டால் அங்கே இடிபட ஆள் கிடையாது.

“பெரிய தெருவுல போறது நீங்க. வழி விட வேண்டியது அவங்க. தப்பே செய்யாதவர் எதுக்குப் பயந்து தெரு மாறணும்?” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு தைரியம் தனக்கு யாரும் சொன்னதில்லை என்றார். சட்டப்படி நான் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த வாரமே வீட்டுச் சாமான் ஏற்றி வந்த வேன் ஒன்று இடித்தது. இந்த முறை கதவோடு சேர்த்து அவர் காலும் நசுங்கியது. நான் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, அந்தச் சந்திப்பே சரியில்லை, மாஸ்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அது கோப்பில் இருக்கும். கையெழுத்துக் கொஞ்சம் கோணலாக இருந்தால் அது வலியினால்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். உங்கள் வண்டியும் சந்திப்பில் நிற்காமல் தாண்டிப் போய்த்தான் நின்றது. இறங்கி வந்து, “பலகை எங்கப்பா இருக்கு?” என்று என்னையே கேட்டீர்கள். நான் இலைகளை விலக்கிக் காட்டினேன். உங்களுக்கு அது ஒரு ஆய்வு. எனக்கோ, என் மாணவன் முதல் தடவையிலேயே தேர்வில் பாஸானதைப் பார்த்த மாதிரி இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நீங்கள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள்.

என் அபராதம் ரத்தானது. உரிமம் பிழைத்தது. நான் எதற்காக இறங்கினேனோ அது கைக்கு வந்துவிட்டது. அத்தோடு முடிந்திருந்தால் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கமாட்டேன்.

நேற்று நர்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் உங்கள் அலுவலக நோட்டீஸ். பலகையை மறைக்கும்படி கொடியை வளரவிட்டதற்கு அவருக்கு அபராதம் போட்டிருந்தீர்கள். என்ன செய்யலாம் மாஸ்டர் என்று கேட்டார். கட்டிவிடுங்கள் சிஸ்டர், சின்ன விஷயம், இதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்றேன். பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அது பெருசில்ல, கட்டிடறேன்” என்றார் நர்ஸ். “நாளன்னிக்குக் காலையில கொடியை வேரோட வெட்ட ஆள் வராங்களாம். அன்னிக்கு எனக்குக் காலை டூட்டி. நீங்க கொஞ்சம் பக்கத்துல இருங்க மாஸ்டர். வளத்தவங்க கூட இல்லாம வெட்டுனா எனக்கு மனசு கேக்காது.”

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் மனைவி அந்தத் தட்டை எடுக்காமல் நின்றாள். “ரொட்டிக்காரர் கால் ஒடிஞ்ச அன்னைக்கு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே” என்றாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அது வேறு, இது வேறு. அது ஒரு விபத்து. வேரோடு வெட்டுவது தெரிந்தே செய்கிற காரியம்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பலகையைப் பார்க்காமல் ரொட்டி வண்டியில் மோதியது நான். கொடிக்குத் தண்ணீரும் எருவும் கயிறும் கொடுத்துப் பலகைமேல் ஏற்றியது நான். அதற்குப் பிறகு அங்கே நசுங்கிய அத்தனை வண்டிக்கும், ரொட்டிக்காரரை அந்தத் தெருவிலேயே போகச் சொன்னதற்கும் நான்தான் பொறுப்பு. நர்ஸின் நோட்டீஸை என் பெயருக்கு மாற்றுங்கள். இதோ, என் கற்பிக்கும் உரிமம், மேசைமேல் வைத்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்காரருக்கு முடிக்காத வகுப்புகளின் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

வெட்ட மட்டும் வேண்டாம். பலகை இடைஞ்சல் என்றால் பலகையைப் பிடுங்கி வேறு இடத்தில் நடுங்கள். ரொட்டிக்காரரின் கால் பற்றிக் கேட்டீர்கள் என்றால், எலும்பு தானாகவே கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேரோடு போனால் கொடி துளிர்க்காது, ஐயா.