தோற்பவனின் தோள்

காப்பி நன்றாக இருக்கிறது ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். காவல் நிலையத்தில் இவ்வளவு உபசாரம் நடக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே ஒரு தடவை வந்திருப்பேன்.

நீங்கள் மேடானிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஜகார்த்தாவில் எங்கள் பெத்தாவி சனங்களின் கல்யாணம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. மாப்பிள்ளை வீட்டார் முதலை உருவ ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வருவார்கள். பெண் வீட்டு வாசலில் ஒரு சண்டைக்காரன் வழியை மறிப்பான். பாட்டாலேயே கொஞ்ச நேரம் வம்பிழுத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுச் சண்டைக்காரனோடு மோதுவான். மோதித் தோற்பான். தோற்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை உள்ளே வர முடியாது, சோறு ஆறிப்போகும். பெட்டுகாங்கான் வட்டாரத்தில் இருபத்திரண்டு வருடமாக அப்படித் தோற்றுக் கொடுத்தவன் ஜம்ஹாரியாகிய நான். ஜெயித்தவன் ரோம்லி.

அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேரும் ஒரே ஆசானிடம் பெக்ஸி படித்தவர்கள். சீனர் ஒருவரிடமிருந்து எங்கள் ஆட்கள் கற்றுக்கொண்ட சண்டைக் கலை என்பார்கள். நான்கு பக்கமும் காவல் என்று அதற்கு அர்த்தம். காலை அழுத்தி ஊன்றி, நெருங்கி நின்று, கையாலும் முழங்கையாலும் கதையை முடிக்க வேண்டும். அதில் குதிப்பது கிடையாது. ரோம்லிக்கு அது போதவில்லை. ஓடிவந்து எகிறி, என் தோளில் ஒரு காலை வைத்துத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியதும் என் பின்புறத்தில் ஓர் உதை விடுவான். நான் குப்புற விழ வேண்டும். கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும். பிறகு அவன் ஒரு பயிற்சிக்கூடம் திறந்து, வாசலில் 'தோல்வியே அறியாதவர்' என்று பலகை மாட்டினான். பாவம், அவன் எப்படி அறிவான்? அவனுடையதையும் சேர்த்து நான்தானே தோற்றுக்கொண்டிருந்தேன்.

என் மகள் ஹிந்துனுக்கு வாய்த்த மாப்பிள்ளை, ரோம்லியின் அக்கா மகன். வாசலில் நானே நிற்கிறேன் என்றேன். அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"தோத்துக்கங்கப்பா, வேணாங்கலை. ஆனா என் கல்யாணத்தன்னைக்கு அந்த ஆளுகிட்ட உதை மட்டும் வாங்காதீங்க. என்னால பாக்க முடியாது."

நியாயமான ஆசை. ரோம்லி வீட்டுக்கே போய், இந்த ஒரு நாள் உதையை விட்டுவிடு என்று கேட்டேன்.

"அந்த உதையப் பாக்கத்தாண்ணே சனமே வருது," என்றான். "அதுவும் உங்க பொண்ணு கல்யாணம். ஸ்பெஷலா ரெண்டாப் போட்டுருவோம்."

அவன் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு வீட்டுக்குப் போய்விட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது மரியாதை இல்லை.

அவன்மேல் நான் விரல்கூட வைக்கவில்லை ஐயா. நகர்ந்தேன், அவ்வளவுதான். எதிரே வந்தால் பக்கவாட்டில் நகர் என்பதுதான் நான் படித்த முதல் பாடம். முதல் பாடத்தை ஒழுங்காகச் செய்தவனைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறீர்கள்.

ஆனால் இருபத்திரண்டு வருடம் தோள் கொடுத்துப் பழகிய உடம்பு சொன்னவுடன் நகராது. நாற்பது நாள், விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் கொல்லையில் தனியாகப் பழகினேன். வழக்கமாக மண்தரையாகப் பார்த்துத்தான் நிற்பேன். கல்யாணத்தன்று வாசல் சிமெண்ட் படிக்கு முன்னால் நின்றேன். படியில் விரித்திருந்த கனத்த பாயைக் காலையிலேயே சுருட்டி வைத்துவிட்டேன், அழுக்காகிவிடுமே என்று. கல்யாண வீட்டில் தகப்பனுக்கு எத்தனையோ சில்லறை வேலை.

அவன் எகிறினான். தோள் அங்கே இல்லை.

கூட்டம் கைதட்டியது, ஏதோ புது வித்தை என்று நினைத்தார்கள். பட்டாசு வெடித்தது. படியில் மோதிய சத்தத்திலேயே எனக்குக் கழுத்து என்று தெரிந்துவிட்டது. மல்லாந்து கிடந்து என்னையே பார்த்தான்.

"தோள் எங்கண்ணே?" என்றான்.

உடனே ஆள் கூப்பிட்டிருக்கலாம் என்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் தஃப் அடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள், நடுவில் நிறுத்தச் சொல்வது நன்றாக இருக்காது. மூன்று சரணம் முடியும்வரை நின்றேன். அத்தனை கைதட்டல் எனக்கு எந்தக் கல்யாணத்திலும் கிடைத்ததில்லை. பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது.

முதலை ரொட்டி பிரிக்காமலே திரும்பிப் போனது. இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. ஹிந்துன் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. வீட்டில் வேலை இருக்கும். அவள் கேட்டதைத்தானே செய்தேன், உதை வாங்கவில்லையே. உள்ளுக்குள் அவளுக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

நீங்கள் படித்துக் காட்டியது எல்லாம் சரியாக இருக்கிறது. கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் ஐயா. கடைசி வரியில் 'ரோம்லி இறந்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, 'தோற்றார்' என்று போடுங்கள்.