அறுபத்து மூன்றாம் அத்தியாயம்

மாலை நான்கு மணிக்கு ஒரு டம்ளர் தேநீரும் பழுப்பேறிய ஒரு நாவலும் இருந்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். நீங்கள் நடந்ததைத்தான் கேட்டீர்கள் ஐயா. அங்கேதான் வருகிறேன்.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வரைவாளராக இருந்தேன். அதற்கு முன்பே, பதினெட்டு வயதில், அவருடைய பெரிய நாவலைப் படித்துவிட்டேன். மற்ற வீடுகளில் 'அவர்' என்றால் புருஷன். எங்கள் வீட்டில் அந்த எழுத்தாளர். "நான் உங்களைக் கட்டிக்கிட்டேன், நீங்க அவரைக் கட்டிக்கிட்டீங்க" என்பாள் என் மனைவி. கேலிதான், கோபமில்லை.

அந்த இன்பத்தை வெளியாளுக்கு விளக்குவது கஷ்டம். அதே நாவலின் நான்கு பதிப்புகள் என்னிடம் இருக்கின்றன. எந்தப் பதிப்பில் எந்தப் பக்கத்தில் அச்சுப்பிழை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கதை நடக்கும் துறைமுகத்து வீட்டுக்கு அளவு போட்டு வரைபடம் வரைந்து வைத்திருக்கிறேன். நாலாம் அத்தியாயத்தில் மாடிப்படி பதினொன்று, முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் பன்னிரண்டு. இந்த ஒரு படிக்காக எங்கள் வாசகர் வட்டத்து ஐந்து பேரும் தையல்காரர் கடையின் பின்னறையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டோம். "நடுவுல வீட்டை ரிப்பேர் பார்த்திருப்பாங்கப்பா, விடுங்க" என்று தையல்காரர்தான் முடித்துவைத்தார்.

என் மனைவி மட்டும் படித்ததில்லை. சமையல், தையல், மகளின் படிப்பு, பிறகு மகளின் கல்யாணம் என்று அவளுக்கு நேரமிருந்ததில்லை. போன வருடம் அவளுடைய இடது கண்ணில் புரை முற்றியது. வலது கண்ணில் சின்ன வயதிலிருந்தே பார்வை கிடையாது. ஆக ஒரு கண்தான், அதுவும் மூடிக்கொண்டது. அறுவைக்கு ஆஸ்பத்திரியில் முறை வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒருநாள் நாலு மணிக்கு முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன்.

அவள் உம் கொட்டிக் கேட்டாள். பத்திக்கு ஒரு உம். சந்தேகம் வந்தால் இழுத்த உம், பிடித்துப்போனால் தொண்டைக்குள்ளேயே நிற்கும் ஒரு சின்ன உம். நாற்பது தடவை படித்த பக்கங்கள் அந்த உம்மில் புதிதாகிவிட்டன. முப்பத்து நாலு வருடக் கல்யாணத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான் என்று தோன்றியது. கரும்பு தின்னக் கூலியா என்பார்களே, அப்படி இருந்தேன்.

நாவலில் மொத்தம் அறுபத்து இரண்டு அத்தியாயம். கடைசியில் அந்த வீட்டு மூத்த மருமகள் கதவைச் சாத்திவிட்டுக் கப்பல் ஏறிப் போகிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை. அறுபத்தொன்று முடிந்த அன்று மனைவி கேட்டாள்.

"இன்னும் நிறைய இருக்கா?"

"இருக்கு, இருக்கு" என்றேன்.

மறுநாள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன். மருமகள் துறைமுகம் வரை போய்த் திரும்பி வந்தாள். அடுத்த நாள், அறுபத்து மூன்றாம் அத்தியாயத்தில், மாமனாருக்குக் காய்ச்சல் வந்தது. என் சொந்தச் சரக்கு என்று ஒரு வரி கிடையாது. அவர் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பாரோ அப்படியே சொன்னேன். உம் நிற்கவில்லை. தொண்ணூற்று நாலாம் அத்தியாயம் வந்தபோது ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள்.

கட்டுப் பிரித்ததும் அவள் என்னைத்தான் முதலில் பார்த்தாள். "என்ன இப்படி நரைச்சுப் போச்சு உங்களுக்கு" என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் அலமாரியைப் பார்த்தாள். "அந்த நீல அட்டை போட்டதுதானே? ஒரு மாசம் கழிச்சு நானே படிச்சுக்கறேன். உங்களுக்கும் தொண்டை வலி மிச்சம்."

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்து இரண்டு புட்டி கொடுத்திருந்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விட வேண்டும். நான் கண்ணும் கருத்துமாகச் செய்தேன். ஒரு வேளை கூடத் தவறவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, அவள் தலையை மடியில் சாய்த்து, இமையை இழுத்துப் பிடித்து விட்டேன். விட்டது மட்டும் மருந்து இல்லை. பழைய புட்டி ஒன்றில் குழாய்த் தண்ணீர்.

ஐந்தாம் நாள், "கண்ணுக்குள்ள மணலைக் கொட்டின மாதிரி இருக்குங்க" என்றாள். அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். மறுபடி காட்ட வேண்டிய நாளில், டாக்டர் ஊரில் இல்லை என்றேன். பதினொன்றாம் நாள் மகள் வந்து பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். சீழ் உள்ளே இறங்கிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். நான் அழுதேன். நடிப்பென்று எழுதாதீர்கள், உண்மையாகவே அழுதேன்.

பிறகு நாலு மணி வந்தது. தொண்ணூற்று ஐந்தை ஆரம்பித்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள், ஆனால் உம் கொட்டவில்லை. ஒரு மாதம் அப்படிப் போயிற்று. வெற்றுச் சுவரைப் பார்த்துப் படிப்பது போலிருந்தது. ஒருநாள் நடுவில் நிறுத்தி, கதை பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"அந்த மருமக என்னைக்கோ கிளம்பிப் போயிட்டாள்ல" என்றாள். "அறுபத்து ரெண்டோட கதை முடியுதுன்னு தையல்காரர் வீட்டம்மா அப்பவே சொன்னாங்க. அதுக்கப்புறம் நீங்களா சொன்னதுன்னு தெரியும். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுது. இத்தனை வருஷத்துல நீங்க யாருகிட்டயும் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை."

எல்லாம் தெரிந்துகொண்டுதான் முப்பத்து மூன்று நாள் உம் கொட்டியிருக்கிறாள்.

அந்த வாரமே மகள் அலமாரியைத் துடைக்கப் போய், நாலாம் பதிப்புக்குப் பின்னால் அந்த இரண்டு புட்டிகளையும் எடுத்தாள். மூடி உடைக்காதவை. ஏன் தூக்கி எறியவில்லை என்று நீங்களும் கேட்டீர்கள். மருந்தை வீணாக்க மனம் வரவில்லை. மகள் அம்மாவின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அவர்கள் போன மறுநாள் நாலு மணிக்குப் பழக்கதோஷத்தில் புத்தகத்தைத் திறந்தேன். அவர் எழுதிய உண்மையான கடைசி அத்தியாயத்தை உரக்கப் படித்தேன். முதல் பத்தி முடிந்ததும் நாற்காலியிலிருந்து உம் வந்தது. தொண்டைக்குள் நிற்கும் அந்தச் சின்ன உம். ஆனாலும் படிப்பதை நான் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து தினமும் வருகிறது. பயமாகத்தான் இருக்கிறது. படிக்காமல் இருந்து பார்த்தேன். அப்போதும் நாலு மணிக்கு வந்தது, பத்திக்கு ஒன்றாக, யாரோ படிக்கக் கேட்பது போல.

ஆம், தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

போகும்போது அவள் என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். முகம் என் பக்கம் இல்லை, கொஞ்சம் தள்ளி, கதவைப் பார்த்து இருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கண்ணு தெரிஞ்சாலும் நாலு மணிக்கு வந்து உட்கார்ந்திருப்பேனே."

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை ஐயா. என் மனம் நோகக் கூடாது என்று சொல்லியிருப்பாள். கண் தெரிகிறவர்கள் யார் அப்படி வந்து உட்காருவார்கள்?