குழாய்க்குள் கிடக்கும் என் இடது செருப்பு

ஆமாம், அந்த நான்கு படங்களையும் எடுத்தது நான்தான். கேட்டைத் திறந்துவிட்டது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். யாரும் திறக்கவில்லை, நான் கேட் வழியாகப் போகவே இல்லை. அதை முதல் வரியாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர், அப்பா பெயர், வீட்டு எண் எல்லாம் என் அடையாள அட்டையைப் பார்த்து மேலே எழுதிவிட்டீர்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பட்டப்பெயரைச் சொல்லி அவசரம் வீடு எது என்று கேட்டால் உடனே காட்டுவார்கள். வயது இருபத்திரண்டு. படிப்பு, கல்லூரி இரண்டாம் வருடத்தில் பாதி. மீதிப் பாதியை யார் படித்தது என்று உங்கள் காவலர் கேட்டார், அது எனக்குத் தெரியாது. மரம் அறுக்கும் மில்லுக்குப் பின்னால் உள்ள தகரக் கூரை வீட்டில் அம்மாவுடன் குடியிருக்கிறேன். இப்போது உங்கள் லாக்கப்பில் உட்கார்ந்திருக்கும் கம்பெனி நிலத்துக் கேட் காவல்காரர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, எனக்குத் தாய்மாமா. அவர் கேட்டைத் திறந்து வெளியாளை உள்ளே விட்டார் என்று கம்பெனி மேனேஜர் புகார் கொடுத்ததால் நேற்று அவரைப் பிடித்து வந்தீர்கள். அது தெரிந்ததும் என்னை யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன்.

நான் காடு அளக்கும் குழுவில் வேலை செய்கிறேன். குழு என்றால் மூன்று பேர். எங்கள் தலைவி, அவரை மேடம் என்போம். ஜீப் டிரைவர். பிறகு மரம் ஏற, டேப் பிடிக்க, காலில் ஏறும் அட்டைப்பூச்சியை உதற நான். நாட்டில் காடு எவ்வளவு இருக்கிறது, கூடியதா குறைந்ததா என்று அறிக்கை போடுகிறார்கள் இல்லையா, அதற்குச் செயற்கைக்கோள் மேலிருந்து படம் எடுக்கிறது. அதற்குத் தெரிவது பச்சை மட்டும்தான். தாத்தனுக்குத் தாத்தன் காலத்து மரமும் பச்சை, நேற்று நட்ட மரமும் பச்சை. அதனால் படத்தில் சில புள்ளிகளைக் குறித்து எங்கள் போனுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அந்தப் புள்ளிக்குப் போய் நின்று, நாலு திசைக்கும் ஒவ்வொரு படம் எடுத்து, அண்ணாந்து பார்த்தால் வானம் எவ்வளவு தெரிகிறது, இது தானாக வளர்ந்த காடா ஆள் நட்டதா என்று பதிய வேண்டும். போன அறிக்கையில் காட்டுப் பரப்பு கூடியிருக்கிறது என்று டிவியில் சொன்னார்கள். அம்மா கூட, நீ வேலைக்குப் போன ராசி என்றாள்.

இதில் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் மீதி உங்களுக்குப் புரியாது. புள்ளி உள்ளே எங்கேயோ இருந்து, வழியில் கேட்டோ வேலியோ இருந்தால், பழைய குழுக்கள் ரோட்டிலிருந்தே எட்டிப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு, பக்கத்தில் தெரியும் காட்டையே அந்தப் புள்ளியின் காடாகப் பதிந்துவிடுவார்கள். எங்களுக்குள் அதற்கு எட்டிப்பார்த்த புள்ளி என்று பெயர். யாரும் அதைப் பொய் என்று நினைத்துச் செய்வதில்லை. இந்தப் பக்கம் காடு இருந்தால் அந்தப் பக்கமும் காடுதானே என்ற நம்பிக்கை. கம்பெனி நிலத்தில் இருந்த புள்ளிகள் எல்லாம் இப்படித்தான் அடர்ந்த இயற்கைக் காடு என்று பதிவாகி வந்திருக்கின்றன. ரோட்டிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். பெரிய பெரிய மரம், கொடி, குரங்கு, ஒன்றுக்கும் குறைவில்லை.

அன்று காலை எங்களுக்கு வந்த புள்ளி அந்தக் கம்பெனி வேலிக்கு உள்ளே இருந்தது. மேடம் ஜீப்பை விட்டு இறங்காமல், கேட்டில் கேட்டுப் பார், விடவில்லை என்றால் போக முடியவில்லை என்று பதிந்துவிட்டு வா, எட்டிப் பார்க்கிற வேலை என்னிடம் வேண்டாம் என்று சொன்னார். அதன் பிறகு நான் கேட்டுக்குப் போனேன். மாமா பித்தான் எல்லாம் போட்டு, தொப்பியும் வைத்து நின்றுகொண்டிருந்தார். அந்த வெயிலில் தொப்பி வைக்கிற ஒரே காவல்காரர் அவர்தான். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா, அஞ்சு நிமிஷம். நாலு போட்டோ எடுத்துட்டு ஓடி வந்துடுறேன்."

"பாஸ் இருக்கா?"

"அக்கா பையன்கிட்டயே பாஸ் கேக்குறீங்களே மாமா."

"உங்கம்மாவே வந்து நின்னாலும் பாஸ் கேப்பேன் மாப்ள. நானே இந்தக் கோட்டைத் தாண்டி உள்ள போனதில்ல, நீ யாரு?"

அவர் காலுக்குக் கீழே நிஜமாகவே ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறது, நீங்கள் போய்ப் பார்க்கலாம். கேட் காவலுக்கு உள்ளே போக அனுமதி கிடையாது. தார்ப்பாய் மூடிய லாரி உள்ளிருந்து வந்தால் கேட்டைத் திறப்பார், போனதும் மூடுவார். என்ன ஏற்றிப் போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டதற்குக் காய்ந்த மரம் என்று சொன்னார்களாம், அதோடு விட்டுவிட்டார். தண்ணீராவது கொடுங்கள் என்று கேட்டேன். பாட்டிலைக் கேட் கம்பி வழியாக நீட்டினார், கேட்டைத் திறக்கவில்லை. தண்ணீர் கொடுக்கக்கூடத் திறக்காத ஆளைத்தான் நீங்கள் திறந்துவிட்டார் என்று பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

அதன் பிறகு நான் ரோட்டோர மரங்களுக்குள் நுழைந்து வேலியை ஒட்டியே நடந்தேன். உள்ளே போகும் எண்ணம் அப்போது இல்லை. முகம் கழுவலாம் என்று ஓடைக்குப் போனேன். அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும், பள்ளிக்கூடத்தைக் கட் அடித்துவிட்டுக் குளித்த இடம். வேலிக்குக் கீழே ஒரு மண்மேடு, மேட்டின் மேல் கம்பெனி ஜீப் சுற்றுகிற பாதை, மேட்டுக்கு அடியில் ஒரு பெரிய சிமெண்ட் குழாய். ஓடை அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே வரும். எந்தக் கோடையிலும் குழாய் வாய் நிறைய வந்துகொண்டிருக்கும், எதிர்த்து நீந்த முடியாது. அந்தத் தைரியத்தில்தான் மேட்டின் மேல் மின்வேலி போட்டவர்கள் குழாய்க்கு ஒரு கம்பிகூட வைக்கவில்லை.

அன்று அங்கே முகம் கழுவத் தண்ணீர் இல்லை. ஓடை வெடித்துக் கிடந்தது. குனிந்து குழாய்க்குள் பார்த்தேன், அந்தப் பக்க வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. நான் அவசரம் என்று பெயர் எடுத்தவன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. படுத்து, முழங்கையை ஊன்றி ஊன்றி உள்ளே போனேன். நடுவில் குழாய் இரண்டு துண்டாக இணைகிற இடத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. என் இடது செருப்பின் வார் அதில் மாட்டிக்கொண்டது. திரும்ப இடம் இல்லாததால் காலை உருவிக்கொண்டு செருப்பை அங்கேயே விட்டேன். நீல வார், குதிகால் தேய்ந்தது. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அதன் பிறகு அந்தப் பக்கம் எழுந்து நின்றேன். தைல மரம். காகிதத்துக்கு அறுப்பதற்காக நடுகிற மரம். கண்ணுக்கு எட்டிய வரை வரிசை, எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை. காட்டில் மரம் வரிசையில் நிற்காது. நானும் வரிசையில் நிற்க முடியாமல் வெளியே வந்தவன்தான், அதனால் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கீழே புல் இல்லை, பூச்சி இல்லை, தைல வாசனை மட்டும். நான் வந்த பக்கம் ரோட்டோரத்தில் பெரிய மரங்கள் ஒரு திரை மாதிரி நின்றன, அதற்குப் பின்னால் பள்ளத்தாக்கு முழுக்க இதுதான். போனைப் பார்த்துப் புள்ளிக்குப் போய் நின்று, வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று முறைப்படி எடுத்தேன். வடக்குப் படத்தில் பழைய காட்டு மரம் ஒன்றின் அடிக்கட்டை தெரியும், அறுத்த இடம் கறுத்துப் போனது. படம் எடுத்த பிறகு நான் அதன் மேல் ஏறிப் படுத்துப் பார்த்தேன். காலை நீட்டினேன், கால் விளிம்பைத் தாண்டி வெளியே வரவில்லை, அவ்வளவு அகலம். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். அதற்குக் காரணம் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம், படுத்திருந்தேன் என்று மட்டும் எழுதுங்கள்.

அதன் பிறகு வந்த வழியே ஊர்ந்து வெளியே வந்தேன். செருப்பை எடுக்கப் பார்த்தேன், கம்பி விடவில்லை. அது கிடக்கட்டும் என்று ஒற்றைச் செருப்போடு, சட்டையெல்லாம் சேறு காய்ந்த தூசியோடு ஜீப்புக்குப் போனேன். மேடம் படங்களைப் பார்த்தார், பழைய பதிவைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிரைவர்தான் பேசினார்.

"இப்ப மேடம் எதை எழுதுறது? காட்டைக் காணோம்னா, செருப்பைக் காணோம்னா?"

டிரைவரை நீங்கள் விசாரித்தால் ஒற்றைச் செருப்பைப் பற்றி அவரே சொல்வார். வழி முழுக்க அதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டு வந்தார். குழாய் விஷயம் அவருக்கோ மேடத்துக்கோ அப்போது தெரியாது, மேடம் கேட்டபோது வழி கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். ஆகவே அத்துமீறி நுழைந்த குற்றம் என்று ஒன்று இருந்தால் அது என்னுடையது, அதற்கு என்ன வழக்கோ என் மேல் போடுங்கள்.

மேடம் படங்களைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அந்தப் புள்ளி இயற்கைக் காடு என்ற கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது, பக்கத்துப் புள்ளிகளையும் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. கம்பெனியோ, எங்கள் நிலத்தில் ஒரு காட்டு மரத்தைக்கூட நாங்கள் தொடவில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டு இருந்தது. அதன் பிறகுதான் மேனேஜர் இங்கே வந்திருக்கிறார். சுற்றி மின்வேலி, ஓடைக் குழாயில் எப்போதும் தண்ணீர், மிச்சம் இருப்பது கேட் ஒன்றுதான், சாவி காவல்காரரிடம், அவர் அக்கா மகன்தான் படம் எடுத்தவன் என்று மேனேஜர் சொன்னது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. நீங்களும், "குழாயில தண்ணி வாய் நிறைய ஓடுது, அதுல நீ எப்படிடா போன?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் நம்பாததில் எனக்கு வருத்தம் இல்லை. மாமாவே நம்பவில்லை. சற்று முன் நான் குழாய் வழியாகப் போனேன் என்று சொன்னதும் அவர் லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் சொன்னதை நீங்களே கேட்டீர்கள்.

"அவன் எனக்காகப் பொய் சொல்றான் சார். அந்த ஓடை வத்தி நான் பார்த்ததே கிடையாது. இவன் சின்ன வயசுலருந்தே இப்படித்தான், எதையாவது அடிச்சு விடுவான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துத் தூசி தட்டினார். அவருக்கு இந்த வேலை போனால் வேறு எந்தக் கேட்டிலும் நிற்க வைக்க மாட்டார்கள், வெளியாளை உள்ளே விட்டவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய் நிற்கும். அதனால் சொல்கிறேன். காடு இருந்தவரை மழையை உள்ளே பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விட்டது, அதனால் எப்போதும் தண்ணீர் இருந்தது. அதை அறுத்துவிட்டு, நடுகிற மரத்துக்கும் தண்ணீர் கொடுத்தால் ஓடையில் என்ன மிஞ்சும்? எனக்கு வழி திறந்துவிட்டது மாமா இல்லை, கம்பெனிதான். மேனேஜரும் மாமாவும் பழைய ஓடையைப் பற்றிச் சொல்கிறார்கள். நான் இப்போதைய ஓடையைப் பற்றிச் சொல்கிறேன். குழாய்க்குள் டார்ச் அடித்தால் என் செருப்பு கம்பியில் தொங்குவது தெரியும். இதோ என் வலது செருப்பு, மேசை மேல் வைக்கிறேன், ஜோடி சேர்த்துப் பாருங்கள்.

நான் இதுவரை சொன்னது எல்லாம் நடந்தது நடந்தபடியே. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, எழுதச் சொல்லி உங்களை அவசரப்படுத்தியதுதான் நான் செய்தது. படித்துக் காட்டவும் வேண்டாம், சொன்னவனுக்குத் தெரியாதா.

சார், பேனாவைக் கொடுங்கள், உங்கள் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். மலைப் பக்கம் கறுத்துவிட்டது. முன்பெல்லாம் அங்கே மழை பெய்தால் ஓடைக்கு வந்து சேர நாளாகும். இப்போது நிறுத்தி வைக்க ஒன்றும் இல்லை, பெய்தவுடன் மொத்தமாக இறங்கும். குழாய் நிறைந்துவிடும், செருப்பு அடித்துக்கொண்டு போய்விடும், மேனேஜர் சொன்னது உண்மையாகிவிடும். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் காவலரை டார்ச்சோடு அனுப்புங்கள், அவர் வராவிட்டாலும் நான் இப்போதே போக வேண்டும்.