ஒத்துப்பார்க்க எடுத்த இரத்தம்

உச்சிப்பொழுது, பன்னிரண்டு மணி. ஒற்றசேகரமங்கலத்துக்கு அப்பால், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஆளில்லாத ஒரு செம்மண் பாதை. பேய் இரவில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள், நடுவில் பேசாதீர்கள்.

1995ஆம் ஆண்டு. என் தோழி விமலகுமாரியின் நாத்தனார் ஸ்ரீகுமாரி, நெய்யாற்றின்கரையில் ஓர் இரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். அந்தப் பாதையில் எரிச்சலோடு நடந்தாள்... நான்காவது தடவை. எட்டு மாதக் கர்ப்பிணியான பின்சியின் குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் உண்டு. சோதனை முடிவு வராமல் பிரசவம் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார் டாக்டர். திருவனந்தபுரத்துப் பெரிய லேபோ மூன்று முறை திருப்பிவிட்டது. முதலில், இரத்தம் எடுத்து நான்கு மணி நேரம் தாண்டிவிட்டதாம். அடுத்து, குழாயில் அளவு குறைவாம். பிறகு, ஒத்துப்பார்க்க நோயில்லாத வேறொருவரின் இரத்தம் கூடவே வரவில்லையாம்.

வீட்டுக்குப் போய்ப் பின்சியிடம் இரத்தம் எடுத்தாயிற்று. தாய் சுகிர்தபாய் இரத்த உறவு, ஆகாது. வேறு ஆள் தேடி வாசலுக்கு வந்தால்... படியில் ஒரு வாலிபன். மெலிந்த உடம்பு. துருப்பிடித்த இரும்பின் வாடை.

"எலே, நீ ஆராக்கும்?"

"இங்க அடுத்தாக்கும், சேச்சி. பேரு ஜினு. என் ரெத்தம் எடுங்க."

"ஊசின்னா பயம் உண்டா?"

"எனக்கா? எத்தன ஊசி கண்டவனாக்கும்!"

கை சில்லென்றிருந்தது. குழாய் சட்டென நிறைந்தது. "அமுக்கிப் பிடி" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள். பின்னால்... சொட்... சொட்... அவள் திரும்பவில்லை. நேரம் இல்லை.

இரண்டாம் நாள் பெரிய லேபிலிருந்து தொலைபேசி அலறியது. "நோயில்லாத ஆளுன்னு ஆரை அனுப்பினீங்க? இதாக்கும் உறையாத ரெத்தம்! கொள்ளாது. மறுபடி கொண்டு வாங்க."

நான்காவது முறையும் வீண். பல்லைக் கடித்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போனாள்.

"ஆரும்மா அந்த ஜினு? நோயுண்டுன்னு அந்தப் பயலு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

சுகிர்தபாய் கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஜினுவா... என் மோனாக்கும். பல்லு பிடுங்கின எடத்துல ரெத்தம் நிக்காம செத்து ஏழு வருஷம் ஆச்சு."

அலறவில்லை அவள். அழவுமில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மோளே... நீ போவும்பம் அவனுக்கு ரெத்தம் நின்னுட்டுதா?"

ஸ்ரீகுமாரி குனிந்து பார்த்தாள். படியில் சிவப்பாகத் துளிகள். இரண்டு நாள் வெயிலிலும் காயாமல், உறையாமல்... ஒன்றோடொன்று சேர்ந்து, மெல்லக் கீழ்ப்படிக்கு இறங்கிக்கொண்டிருந்தன.