டிக்கெட் இல்லாத மூக்கு

அவைக்குத் தலைமை தாங்கும் மரைக்காயர் அவர்களே! அருகமர்ந்த பெரியோர்களே! கருவாட்டுக் கூடையைத் தலையிலும் கண்ணியத்தை நெஞ்சிலும் சுமக்கும் கோட்டைப்பட்டினத்துத் தாய்மார்களே! வணக்கம். மாலை போட்டே மணி ஆறரை ஆக்கிவிட்டீர்கள். நான் படம் வரையும் டிராப்ட்ஸ்மேன். கோடும் நேர், பேச்சும் நேர்.

வழக்கு என்ன? சந்தைக்குப் போன அடைக்கலமேரி அம்மாளை, வழியில் ஒரு ஸ்டேஷனில் கூடையோடு இறக்கிவிட்டார் ஓர் இன்ஸ்பெக்டர். "சக பிரயாணிக்கு அருவருப்பான பொருளைப் பெட்டியில் ஏற்றக் கூடாது" என்பது விதியாம்! சுருட்டு நாறினால் இறக்கினாரா? சென்ட் நாறினால் இறக்கினாரா? சலாமல்லவா போட்டார்! கருவாடு மட்டுமா கசந்தது?

அன்றோடு இந்த ஊர்ப் பெண்களுக்கு ரயிலும் இல்லை, சந்தையும் இல்லை. கீழ்க்கோர்ட்டில் தோற்றோம். ஐகோர்ட்டுக்கு ஏறினோம். வக்கீல் என்னைக் கூப்பிட்டு, கூடைக்கும் மூக்குக்கும் எத்தனை அடி என்று படம் கேட்டார். சிரிக்காதீர்கள், ஏழு அடி. அளந்தேன்!

அப்போதுதான் அம்மாளை இறக்கிவிட எழுதிய புகார்த்தாளைப் பார்த்தேன். தேதி இருந்தது. நேரம் இருந்தது. 'புகார் செய்யும் பிரயாணியின் டிக்கெட் நம்பர்' என்ற கட்டம் மட்டும் காலி! காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். "சார், இது யாரு மூக்கு?" என்றேன். வக்கீல் துள்ளி எழுந்தார்.

ஐகோர்ட்டில் நீதிபதி கேட்டார்: "புகார் செய்த பிரயாணி யார்?"

"நான்தாங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"உமது டிக்கெட்?"

"எனக்கெதுக்குங்க டிக்கெட்? நான் டூட்டியில இருந்தேங்க!"

முடிந்தது கதை! விதி பிரயாணியின் மூக்குக்கு. டிக்கெட் வாங்காத மூக்குக்கு அல்ல என்று தீர்ப்பு!

என்ன, பிச்சைமுத்து அண்ணே? "அவரு டிக்கெட்டு வாங்கிட்டா என்ன பண்ணுவீக?" என்றா கேட்கிறீர்கள்? வாங்கினார் அண்ணே! போன வாரம் வாங்கினார்! புதுப் புகார்த்தாளோடு கூடைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். நாங்களெல்லாம் கூடையை மறைக்கப் பார்த்தோம். அம்மாளோ கூடைமேல் கிடந்த ஓலையை எடுத்துவிட்டார்.

"வாங்கய்யா. இப்பத்தான் நீங்க பிரயாணி. நாறுதுன்னா எழுதிக்கங்க. மத்தவுகளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

"எனக்கு நாறலை!" என்றார் ஒருவர். "எனக்கும் நாறலை!" என்றது பெட்டி. "எனக்குப் பசிக்குதுங்க!" என்றார் ஒரு வாத்தியார்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். முகர்ந்தார். மூடினார். "ஏம்மா... அது நெத்திலிங்களா?"

தாய்மார்களே! உங்களை இறக்கிவிட ஒரு தாள் நீட்டினால் பயப்படாதீர்கள். படியுங்கள்! படிக்கத் தெரியாவிட்டால் படிக்க வையுங்கள்! காலிக் கட்டம் எங்கே என்று கேளுங்கள்! யார் மூக்கு என்று கேளுங்கள்!

அன்று அம்மாள் இரண்டு கை நெத்திலி அள்ளினார். பொட்டலம் கட்டத் தாள் இல்லை. இன்ஸ்பெக்டரே தம் கையிலிருந்ததை நீட்டினார்.

அந்தப் புகார்த்தாளிலேயே மடித்துக் கொடுத்த அடைக்கலமேரி அம்மாளுக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி. காலை ரயிலில் கூடையோடு சந்திப்போம். வணக்கம்!