வியாபாரி கையெழுத்து

"அப்ப நான் வியாபாரி இல்லையாக்கும்?" என்று முன்சீட்டுக்காரர் கேட்டபோது என் காது அந்தப் பக்கம் போய்விட்டது. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காலைப் பேருந்து. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் வக்கீல் கோட்டு, அதன்மேல் ஒரு உறை.

"பேண்டேஜ் துணி விக்கிறீக, வியாபாரிதான். ஆனா கட்டின புருசனே 'இவ நல்லவ'ன்னு கையெழுத்துப் போட்டா யாரு நம்புவாக?"

"நோட்டரி ஆகப் பொம்பளைக்கு ஏழு வருசம் வக்கீல் தொழில் போதும்னியே."

"அது போக மாஜிஸ்திரேட், பேங்க் மேனேஜர், ஊர்ப் பெரியவுக ரெண்டு பேரு, ஒரு வியாபாரி கையெழுத்தும் வேணும். எல்லாம் வாங்கியாச்சு. வியாபாரி இடம்தான் காலியாக் கெடக்கு. அதனால மனு இன்னும் போகலை."

"காலியா இல்ல. பிரிச்சுப் பாரு."

மனைவி உறையைப் பிரித்தார். வியாபாரி இடத்தில் இருந்த கையெழுத்தைப் படித்தார்.

"எதுத்த கடைக்காரரா? அவர்கூட நீங்க பேசி நாலு வருசமாச்சே."

"நேத்து நீ கோர்ட்டுக்குப் போன பொறவு பேசினேன்."

"என்ன சொன்னாரு?"

"'உனக்குன்னா போட மாட்டேன்லே, அந்த வக்கீல் பிள்ளைக்குப் போடுதேன்'னான். டீ வேற வாங்கிக் குடுத்தான்."

"குடிச்சீகளா?"

"குடிச்சேன். அதுக்கு முன்னாடி அவன் கடை வாசலைத் தாண்டித் தாண்டி மூணு தடவை நடந்தேன்டி."

முன்சீட்டுக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி அந்தத் தாளை மறுபடி உறைக்குள் வைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.